மூடி டீச்சரும் பாதி மீசையும்

முடி வெட்டுகிறவனுக்கு வாய் நீளம் என்பார்கள். என் விஷயத்தில் அது பொய்யில்லை. கத்தரி ஓடும்போது என் வாயும் ஓட வேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நின்றுவிடும். இருபது வருடமாக அதே நாற்காலி, அதே கண்ணாடி, அதே வாய். அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண் ஐந்து வயது வரை தானாகப் போய் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்கு என் வாடிக்கையாளர்கள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "அப்பன் கொஞ்சம் இடம் விட்டாத்தானே பிள்ளை பேசும்!" என்று சிரிப்பார்கள். கடையில் நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்குப் போனால் சிரிப்பு வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையை இல்லை, மூடி டீச்சரின் கதையை. நடுநடுவே என் வாய் குறுக்கே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவுக்குப் பேச்சே வராது என்று நினைத்துவிட வேண்டாம். படத்தைக் காட்டி "இது என்ன?" என்றால் யானை, குடை, ரயில் என்று டக் டக்கென்று சொல்வாள். எல்லா நிறமும் தெரியும். ஐம்பது வரை எண்ணுவாள். ஆனால் தாகமெடுத்தால் தண்ணீர் கேட்க மாட்டாள். தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் போய் நிற்பாள், அவ்வளவுதான். நாங்களும் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவோம். காதைச் சோதித்தார்கள், நன்றாக இருந்தது. புத்தியிலும் குறையில்லை என்றார்கள். மொழி வருவதில் தாமதம், வந்த மொழியையும் மனிதர்களிடம் கொண்டுபோய்ப் பயன்படுத்தத் தெரியவில்லை, அதுதான் சிக்கல் என்றார் டாக்டர்.

அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று எங்களுக்கு உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளுக்கு என் மனைவி ஷூவைக் கழற்றினாள். சாக்ஸ் ரத்தத்தில் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவின் அடியிலிருந்து ஒரு சின்ன ஆணி உள்ளே முளைத்திருக்கிறது. அதன் மேல் பாப்பா காலையிலிருந்து மாலை வரை நடந்திருக்கிறாள், ஓடியிருக்கிறாள், வரிசையில் நின்றிருக்கிறாள். என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். தினமும் அறுபது பேர் கையில் ஊசி குத்துகிற அவள் அன்று அந்த சாக்ஸைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் பிரித்தாள்.

"ஏன் கண்ணு மிஸ்கிட்ட சொல்லல?" என்றாள்.

"சொல்லல," என்றாள் பாப்பா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். என் பெண் பாட்டுப் பாட வேண்டாம், மேடையில் பேச வேண்டாம். வலிக்கிறது என்று யாரிடமாவது போய்ச் சொல்லத் தெரிந்தால் போதும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான்.

இதை நான் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தபோது ஒரு எலக்ட்ரீஷியன் முடி வெட்ட உட்கார்ந்திருந்தார். மாதம் தவறாமல் வருவார், வாயே திறக்க மாட்டார். அன்று போர்வையை உதறும்போது, "எங்க வீட்டம்மா பிள்ளைங்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கறவங்க, ஒரு தடவை கூட்டிட்டுப் போங்க," என்றார். அப்படித்தான் மூடி டீச்சர் எங்களுக்குக் கிடைத்தார்.

டீச்சரின் அறை ஒரு தையல்கடைக்கு மாடியில். படி ஏறும்போதே கீழிருந்து மெஷின் சத்தம் கூடவே வரும். உள்ளே ஒரு பாய், பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாக மாட்டிய கண்ணாடி, சுவர் முழுக்க ஒரு அலமாரி. அலமாரியில் வரிசையாக பிளாஸ்டிக் டப்பாக்கள். உள்ளே இருப்பது எல்லாம் தெரியும்: சாவி கொடுத்தால் குதிக்கிற தவளை, சோப்பு நுரை ஊதும் குழாய், பம்பரம், வண்ணப் பொத்தான்கள். எல்லா டப்பாவும் இறுக மூடியிருக்கும். பெரியவர்களே பல்லைக் கடித்துத் திருக வேண்டும். அதனால்தான் பிள்ளைகள் வைத்த பெயர் மூடி டீச்சர். "எங்க வீட்டிலயும் அப்படித்தாங்க, ஊறுகாய் பாட்டில்கூட லேசுல திறக்காது," என்று அவர் கணவர் பின்னால் ஒருநாள் என்னிடம் அலுத்துக்கொண்டார்.

முதல் நாள் பாப்பா நேராகத் தவளை டப்பாவை எடுத்தாள். திருகிப் பார்த்தாள். கடித்துப் பார்த்தாள். திறக்கவில்லை. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன கண்ணு வேணும்? தவளையா? தவளை என்ன கலரு? தவளை எப்படிக் கத்தும்? அப்பா திறக்கட்டுமா?" என்று டப்பாவை வாங்கித் திறந்து கொடுத்துவிட்டேன். நல்ல அப்பா என்று டீச்சர் மனதுக்குள் பாராட்டுவார் என்று நினைப்பு.

டீச்சர் மடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் முடிந்ததும் எண்ணினார்.

"நீங்க பாப்பாகிட்ட நூத்திப் பதினேழு கேள்வி கேட்டிருக்கீங்க. எல்லாம் உங்களுக்கு பதில் தெரிஞ்ச கேள்வி. பாப்பா உங்ககிட்ட எத்தனை கேட்டுச்சு?"

எனக்கு மூக்கு உடைந்தது போல ஆகிவிட்டது. "பேசிப் பேசித்தானே டீச்சர் பேச்சு வரும்?" என்று மல்லுக்கு நின்றேன்.

"வரும். ஆனா பாப்பா பேசறதுக்கு ஒரு காரணம் வேணும். நீங்க ஒரு காரணத்தையும் மிச்சம் வைக்கலையே. அடுத்த தடவை ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. அப்புறம் பேசலாம்."

ஒரு பெரிய மனிதனைக் கையைத் தொடைக்கு அடியில் வைக்கச் சொல்கிறாரே என்று கோபம்கூட வந்தது. வீட்டில் சொன்னேன். என் மனைவி, "கல்யாணத்தன்னிக்கே யாராவது சொல்லியிருக்கணும்," என்றாள்.

டீச்சரின் முன்கதையை அவர் கணவர் தவணை தவணையாகச் சொன்னார், ஒரு முடிவெட்டுக்கு நாலு வாக்கியம் வீதம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பத்து வருடம் வேலை பார்த்திருக்கிறார். ஒரு குழந்தைக்கு இருபது நிமிடம். படத்தைக் காட்ட வேண்டும், பெயர் சொல்ல வைக்க வேண்டும், எத்தனை பெயர் வந்தது என்று எழுத வேண்டும். அதில் ஒரு குழந்தை கெட்டிக்காரக் குழந்தை, இருநூறு படத்துக்குப் பெயர் சொல்லும். ஒருநாள் காது படத்தைக் காட்டினாராம். "காது" என்றதாம் குழந்தை. சரி என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் அதே குழந்தை அதே ஆஸ்பத்திரியில் காது பழுத்துப் படுத்திருக்கிறது. முதல் நாள் அவர் எதிரே உட்கார்ந்து பெயர் சொன்னபோதும் அந்தக் காது வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அடுத்த மாதம் டீச்சர் வேலையை விட்டார். வீட்டிலிருந்த டப்பாக்களைக் கழுவி எடுத்துக்கொண்டு இந்த மாடிக்கு வந்தார்.

இதைக் கேட்ட பிறகு நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மறுபேச்சுப் பேசவில்லை.

பத்து எண்ணுவது எவ்வளவு நீளமான வேலை என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஐந்தாவது வாரம், நான் எட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, பாப்பா டப்பாவை டீச்சர் கையில் வைத்தாள். முகத்தைப் பார்த்தாள். "திற," என்றாள். டீச்சர் உடனே திறந்தார். தவளை குதித்தது. நான் அதைவிட உயரமாகக் குதித்திருப்பேன், கை மாட்டிக்கொண்டிருந்தது.

பிறகு டீச்சர் அடுத்ததை ஆரம்பித்தார். வேண்டுமென்றே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். பாப்பா கிட்டே போக வேண்டும், முழங்கையை இரண்டு விரலால் தட்ட வேண்டும், அவர் திரும்பி முகத்தைப் பார்க்கும்வரை நிற்க வேண்டும், அதற்கப்புறம் சொல்ல வேண்டும். தட்டு, காத்திரு, சொல். காற்றைப் பார்த்துப் பேசினால் யாருக்கும் கேட்காது, ஆளைப் பிடித்துப் பேச வேண்டும் என்பார். வீட்டில் என் மனைவி பாத்திரம் கழுவும்போது பாப்பா வந்து தட்டுவாள். "பால்," என்பாள். நான் பேப்பர் படிக்கும்போது தட்டுவாள். "தூக்கு," என்பாள். மூன்று மாதத்தில் இது பழகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை பாப்பாவைக் கடையில் வைத்திருந்தேன். வாசல் கண்ணாடிக்குள் விக் மாட்டிய ஒரு பொம்மைத் தலை வைத்திருப்பேன், விளம்பரத்துக்கு. பாப்பா அதனிடம் போனாள். கழுத்தை இரண்டு விரலால் தட்டினாள். நின்றாள். மறுபடி தட்டினாள். அது திரும்பும் என்று நின்றுகொண்டே இருந்தாள். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவள் அவ்வளவு பொறுமையாக நின்றதைப் பார்த்து, கத்தரியை வைத்துவிட்டுப் போய் அவளைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். டீச்சரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

"தட்டினா யாராவது திரும்புவாங்கன்னு நம்பிக்கை வந்திருச்சு பாருங்க. யார் திரும்புவாங்க, யார் திரும்ப மாட்டாங்கன்னு மெதுவாத் தெரிஞ்சுக்கும்." பிறகு, "இப்ப தனக்கு வேணும்கிறதைக் கேட்குது. அடுத்தவங்களுக்குத் தெரியாததைப் போய்ச் சொல்லுதான்னு பாருங்க. வலிக்குதுன்னு சொல்றதும் அந்தக் கணக்குதான். அம்மாவுக்குத் தெரியாது, நாம சொன்னாத்தான் தெரியும்னு புரியணும். அது பெரிய படி," என்றார்.

அந்தப் பெரிய படியை என் பெண் ஏறியது என் கடையில்தான். ஏறிய விதத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த டிக்கெட் பரிசோதகர் ஒருவர் சவரத்துக்கு வந்தார். விறைப்பான ஆள். அன்று மதியம் புது அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம். உட்காரும்போதே ஏதோ சொன்னார். நான் அப்போது மழை பெய்யாததைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோப்பைக் குழைத்து மூக்குக்குக் கீழே எல்லாம் பூசினேன். பாப்பா பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து சீப்புகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கன்னம் முடிந்தது, தாடை முடிந்தது. மழையிலிருந்து சாலைக்கு வந்திருந்தேன், சாலையிலிருந்து பஸ்ஸுக்கு. மூக்கு நுனியைப் பிடித்துத் தூக்கி, மேலுதட்டில் கத்தியை வைத்தேன். ஆள் கண்ணை உருட்டினார். "அசையாதீங்க சார், வெட்டிடும்," என்றேன். உதட்டின் மேல் கத்தி இருக்கும்போது எவன் வாயைத் திறப்பான்? ஒரே இழுப்பு. முழங்கையில் ஏதோ பட்டது. போர்வை நுனியாக இருக்கும் என்று உதறினேன். பேச்சை விடவில்லை. மறுபடி பட்டது. இன்னொரு இழுப்பு. மறுபடியும், இன்னொரு தரமும். எரிச்சலோடு திரும்பினேன்.

பாப்பா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு விரல் நீட்டியபடி. நான் அவள் முகத்தைப் பார்க்கும்வரை பொறுத்திருந்தாள். பார்த்ததும் சொன்னாள்.

"அப்பா. மீசை வேணும். அவர் சொன்னாரு."

கத்தியைக் கீழே வைத்தேனா, போட்டேனா, ஞாபகமில்லை. பாப்பாவை வாரித் தூக்கிக்கொண்டேன். அவள் சட்டையெல்லாம் சோப்பு. நான் அழுதேன், சத்தமாகவே அழுதேன்.

"யோவ்! என் மீசை போச்சு, நீ உட்கார்ந்து பொண்ணைக் கொஞ்சிட்டு இருக்க!" என்று பரிசோதகர் எழுந்து நின்றார். போர்வையோடு, வலது பக்கம் மட்டும் மீசையோடு. "இருபத்தஞ்சு வருஷ மீசைய்யா! ஓரம் மட்டும் ஒதுக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்களாம் சார். என் பொண்ணு சொல்லுது. சார், என் பொண்ணு சொல்லுது!"

ஆணி, சாக்ஸ், டப்பா, தவளை, பொம்மைத் தலை என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் அவரிடம் கொட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பாப்பாவைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"கண்ணாடியில நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன். நாலு தடவை தட்டுச்சு உன் பொண்ணு," என்றார். "அது ஒழுங்காத்தான் சொல்ல வந்துச்சு. நீதான்யா திரும்பல."

அது கத்தியைவிடக் கூராக இறங்கியது. கடைசியில் அந்த விக் பொம்மையும் நானும் ஒன்றுதானா என்று நினைத்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"மிச்சத்தையும் எடு," என்றார் அவர். "வாயை மூடிட்டு எடு."

மூடிக்கொண்டு எடுத்தேன். இருபது வருடத்தில் நான் பேசாமல் செய்த முதல் சவரம் அது.

அடுத்த வகுப்பில் டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். கைதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பென்சிலை எடுத்து, "எத்தனை தடவை தட்டுச்சு?" என்றார். நாலு என்றேன். நாலு கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"தப்பு என்மேலயும் இருக்கு. காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தேன். எப்ப காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கல. மீசையில பாதிக்கு நான் பொறுப்பு."

"மீதிப் பாதி?"

"அது நீங்கதான்."

அன்று நாற்பது நிமிடமும் கத்துவதற்கு வகுப்பு. டீச்சர் மேசை ஓரத்தில் டம்ளரை நகர்த்துவார், பாப்பா "நிறுத்து!" என்று கத்த வேண்டும். முதலில் முணுமுணுத்தாள். கடைசியில் அவள் போட்ட சத்தத்தில் கீழே தையல் மெஷின் நின்றது. தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி மேலே ஓடி வந்துவிட்டார், யாருக்கு என்ன ஆச்சு என்று. டீச்சர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து பரிசோதகர் வந்தார். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். மீசை முக்கால்வாசி வளர்ந்திருந்தது. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் மீசையில்லாத வேறொரு ஆள் முறைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து என்னைச் சட்டையே செய்யாமல் ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, மீசையைத் தொடக் கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

பாப்பா இறங்கி வந்தாள். முதல் தட்டிலேயே நான் திரும்பிவிட்டேன். அவள் சொன்னாள். இப்போது பாதி வாடிக்கையாளர்கள் இப்படித்தான். என்னிடம் சொல்வதைவிட அவளிடம் சொல்வதே பத்திரம் என்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரம். பாப்பாவுக்கு அம்மா வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் மருந்துக்கடைக்காரரிடம் நின்று பேச்சு. சுவாரசியமான பேச்சு, பாதியில் விட மனம் வராத பேச்சு. முழங்கையில் இரண்டு விரல் பட்டது.

பேச்சை அப்படியே வெட்டிவிட்டுத் திரும்பினேன். குனிந்தேன். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா. செருப்பு கடிக்குது. வலிக்குது."

நடைபாதையிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். குதிகாலில் பொட்டு அளவுக்குச் சிவந்திருந்தது. ரத்தமில்லை, தோல்கூட உரியவில்லை. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"ஏய், பாப்பாவுக்குக் கால் வலிக்குது!" என்று கத்தினேன்.

"ஐயோ, என்னாச்சு? அதுக்கு ஏங்க சிரிக்கிறீங்க?"

"வலிக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அவளே வந்து சொன்னா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் எதுவும் பேசாமல் பத்து வரைக்கும் எண்ணினேன். பத்தைத் தாண்டியும் அவள் பேசவில்லை. நானும் பேசாமல் நின்றேன்.